ஃபிரிட்ஜுக்குள் பட்டாம்பூச்சி

என் மாமனார் பட்டாம்பூச்சிகளை ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். எழுதிப் பார்த்த பிறகும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கொலை, கொள்ளை என்று பேப்பரில் தினமும் படிக்கிறோம், டீயை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். இந்த ஒன்றை மட்டும் என்னால் அப்படித் திருப்பிவிட்டுப் போக முடியவில்லை. அந்தக் கதவைத் திறந்தது என் கை. திறக்காமல் இருந்திருக்கலாமே என்று சில சமயம் தோன்றும். திறக்காவிட்டாலும் ஒன்றும் மாறியிருக்காது. காரியம் முந்தின நாளே கைமீறிப் போய்விட்டது.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரை ஏதோ ராட்சசன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மாமா ஆயுசு முழுக்க ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவரை எல்லோரும் கூப்பிடுவது ‘கம்ப்ரஸர்’ என்று. வேலை செய்யும்போது ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடுகிற மோட்டார் மாதிரியே ‘ம்ம்ம்’ என்று ஒரே சுதியில் முனகுவார், திடீரென்று நிறுத்துவார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பிப்பார். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் ‘என்ன’ என்று திரும்பிப் பார்ப்பார். பழுது பெரிசு என்று பயந்துபோய்க் கூப்பிட்ட வீட்டில், பின்னால் இருக்கும் பிளக்கை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, “இவ்ளோதாங்க” என்று சொல்லி, காசு வாங்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுகிற ஆள். இந்தப் பிளக் கதையை என் மனைவி எங்களுக்குக் கல்யாணம் பேசின அன்றைக்கே சொன்னாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். நாளை மறுநாள்தான் முடியும் என்று தெரிந்தும் ‘நாளைக்கு ரெடி சார்’ என்று போனில் சொல்வது எங்கள் தொழிலில் மூச்சு விடுகிற மாதிரி. அதைக் கேட்டுவிட்டால் போதும், “எங்கப்பாவா இருந்தா” என்று என் மனைவி ஆரம்பித்துவிடுவாள். அவள் அப்பா வாயில் பொய் வராது, அவள் அப்பா சொன்னால் சொன்னதுதான், அவள் அப்பா இப்படியெல்லாம் பிழைக்கவில்லை. ஒரு மனுஷன் இத்தனை யோக்கியனாக இருந்தால் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன் பாடு திண்டாட்டம்தான். நானும் இத்தனை வருஷமாக ஏதாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மாதிரி ஓட்டையை நான் கேட்கவில்லை.

அத்தை தவறிப்போன பிறகு மாமா அந்த வீட்டில் தனியாக இருந்தார். வரிசை வீடுகளில் கடைசி வீடு. பின்னால் ரெண்டு கட்டில் போடுகிற அகலத்துக்கு ஒரு தோட்டம்: ஒரு எலுமிச்சை, ஒரு செம்பருத்தி, பேர் தெரியாமல் தானாக முளைத்த சில செடிகள். தோட்டத்தின் கோடியில் தகரக் கூரை போட்ட ஷெட். அதில்தான் ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜுகள் நிற்கும். ஊருக்கெல்லாம் குளிர் கொடுத்தவர் வீட்டு அடுப்படி ஃபிரிட்ஜ் மட்டும் வேலை செய்யாது. வெயில் காலத்தில் அது நம்மைவிட அதிகமாக வேர்த்துக்கொண்டு நிற்கும். கேட்டால், “பார்க்கணும்” என்பார்.

அவருக்கு அறுபது வயது முடிந்தபோது என் மனைவி அவளுடைய சம்பளத்தில் ஒரு நல்ல கேமரா வாங்கிக் கொடுத்தாள். அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சர். அப்பா தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, தோட்டத்தில் வருகிற பூச்சி, பறவையையாவது எடுக்கட்டும் என்று அவள் எண்ணம். முதல் சில மாதம் அவர் எடுத்ததெல்லாம் ஒரே மங்கல். இலையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும், பூவும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். “பேய்ப்படம் நல்லா வருது மாமா” என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் என் மனைவியிடம் எனக்குப் பூசை நடந்தது.

அப்புறம் ஒரு நாள் திடீரென்று படம் வந்தது. எலுமிச்சை இலை மேல் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி. என் கடையில் கதவளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கை மேல் உள்ள பொடி தனித்தனியாகத் தெரிந்தது. அதன் கண்ணுக்குள் தோட்டத்துச் சுவர் தெரிந்தது. இருபது வருஷமாக அச்சு வேலையில் இருக்கிறேன், வாயடைத்துப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. தும்பி, வெட்டுக்கிளி, பொன்வண்டு, தலையைத் தூக்கிக்கொண்டு நம்மை முறைக்கிற ஓணான் குட்டி. எல்லாம் அந்த ரெண்டு கட்டில் அகலத் தோட்டத்திலேயே. கேட்டைத் தாண்டி அவர் ஒரு படம் எடுத்ததில்லை. தாண்டினால் அது டூர், போட்டோ இல்லை என்பார்.

பல் டாக்டர் கிளினிக்கில் அவர் படம் மாட்டினார்கள். மருந்துக்கடையில் மாட்டினார்கள். என் மனைவியின் பள்ளிக்கூடத்தில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அந்த மஞ்சள் பட்டாம்பூச்சிதான். எப்படி இவ்வளவு கிட்டத்தில் எடுக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் மாமா ஒரே வார்த்தை சொல்வார்: “பொறுமைதான்.” படம் எடுக்கும்போது தோட்டத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது, ஆள் வாடை பட்டால் வராது என்று எங்களையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். என் மனைவி வகுப்புப் பிள்ளைகளிடம், எங்கப்பா அசையாமல் உட்காருவார், பட்டாம்பூச்சிகள் அவரை மரம் என்று நினைத்துப் பயமில்லாமல் வந்து உட்காரும் என்று சொல்லி வைத்திருந்தாள். பிள்ளைகளுக்காகச் சொன்ன கதை இல்லை அது. அவளே அப்படித்தான் நம்பினாள்.

எனக்குச் சின்னதாக ஒரு உறுத்தல் இருந்தது. சில படங்களில் இறக்கை மேல் பொடிப்பொடியாக நீர் முத்து கோத்திருக்கும். பனி என்றார் மாமா. நிழலைப் பார்த்தால் உச்சி வெயில். உச்சி வெயிலில் ஏது மாமா பனி என்று கேட்டேன். அவர் ‘ம்ம்ம்’ என்று முனக ஆரம்பித்துவிட்டார். இன்னொன்றும் கேட்டேன்: இவ்வளவு எடுக்கிறீர்கள், அந்தச் சுவர் மேல் காலையிலிருந்து கத்துகிற சிட்டுக்குருவியை மட்டும் ஏன் எடுப்பதில்லை? “குருவி நமக்கு ஒத்து வராது மாப்ளே” என்றார். பெரிய கலைஞன், அவருக்கென்று ஒரு பிடிவாதம் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். குருவி டப்பாவில் அடங்காது என்று எனக்கு யார் சொல்வது?

இப்படி இருக்கும்போதுதான் என் மனைவி தன் வகுப்பை அப்பாவின் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அப்புறம்தான் அவரிடம் கேட்டாள். மாமா முடியாது என்றார். இடம் சின்னது, பிள்ளைகள் செடியை மிதிக்கும், சத்தத்துக்குப் பட்டாம்பூச்சி வராது என்று வரிசையாகக் காரணம் அடுக்கினார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். பிள்ளைகளை விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நடக்கப் பழக்கியாகிவிட்டது, ஹெட்மிஸ்ட்ரஸ் சரி என்றாயிற்று, பெற்றோர்களும் சம்மதித்தாயிற்று. கடைசியில் அவள் குரல் உடைந்தது. அம்மா போனதிலிருந்து அப்பாவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ‘பாவம், தனியா இருக்கார்’ என்கிறார்கள், அது அவளுக்குத் தாங்கவில்லை. இந்த ஆள் பாவம் இல்லை, இந்த ஆளிடம் ஒரு வித்தை இருக்கிறது என்று நாலு பேர் கண்ணால் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அதுதான். அதற்குப் பிறகுதான் மாமா “சரி கண்ணு, கூட்டிட்டு வா” என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் அவள் பிள்ளைகளுக்கு ஜூஸ் பாட்டில்களைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வந்தாள். மாமா வீட்டில் இல்லை, பிள்ளைகள் வருகிறார்களே என்று முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அடுப்படி ஃபிரிட்ஜ் வழக்கம்போல வேர்த்துக்கொண்டிருந்தது. ஷெட்டில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்ததால் அதன் மேல்தட்டில் பாட்டில்களை அடுக்கினாளாம். குளிர் போதாதோ என்று உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் கடைசி வரை திருகிவிட்டாளாம். “நாளைக்கு ஐஸ் மாதிரி இருக்கும் பாருங்க” என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அவசரத்துக்கு நாம் எல்லோரும் செய்கிறதுதானே. நானும் நல்லது என்றேன்.

மறுநாள் காலை நான் கடையைப் பூட்டிவிட்டு முன்னாலேயே போய்விட்டேன். மாமா இஸ்திரி போட்ட சட்டை, வெட்டின முடியோடு வாசல் அறையில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தார். பொண்ணு பார்க்க வருகிறார்களா மாமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. பிள்ளைகள் வந்தால் முன்னாலேயே கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் நான் தோட்டத்தில் தயார் செய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, முகம் கழுவ உள்ளே போனார். அந்த நேரத்தில் என் மனைவி போன் செய்தாள். கிளம்பிவிட்டார்களாம், ஷெட் ஃபிரிட்ஜிலிருந்து ஜூஸை எடுத்து கப்பில் ஊற்றி வைக்கச் சொன்னாள். ஷெட் சாவி ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு போனேன்.

ஃபிரிட்ஜைத் திறந்தால் பாட்டில்கள் எல்லாம் கல்லாக உறைந்திருந்தன. ஒன்று வெடித்து, ஆரஞ்சு நிற ஐஸ் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. கீழே காய்கறி வைக்கும் ட்ரேயிலும் வழிந்திருக்குமோ என்று அதை இழுத்தேன்.

உள்ளே வரிசையாகச் சின்ன டப்பாக்கள். நட்டு, போல்ட்டு போட்டு வைக்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடியில் ஊசித் துளைகள். ஒவ்வொரு டப்பாவிலும் நனைத்த டிஷ்யூ பேப்பர், அதன் மேல் இறக்கையை மடித்துக்கொண்டு ஒரு பட்டாம்பூச்சி. மஞ்சள் ஒன்று, கறுப்பில் சிவப்புப் புள்ளி போட்டது ஒன்று, நீலம் ஒன்று. எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஐஸ் பூத்திருந்தது.

பிணவறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவன் மாதிரி அப்படியே நின்றேன். இந்த முகங்களை எனக்குத் தெரியும். இவற்றின் சொந்தபந்தங்களைத்தான் கதவளவுக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஊருக்கெல்லாம் விற்றிருக்கிறேன். நீர் முத்து, உச்சி வெயில், ஆள் வாடை, பொறுமை எல்லாம் ஒரே நொடியில் எனக்குப் புரிந்து போயிற்று. மனுஷனா இவர் என்று இருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா. கையும் களவுமாகப் பிடிபட்டவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது ஃபிரிட்ஜுக்குள் மேலே இருந்த திருகை. அதில் நடுவாந்திரத்தில் சிவப்பு பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார். திருகு அந்தப் பொட்டைத் தாண்டிக் கடைசியில் நின்றது.

“யாரு மாப்ளே இதைத் தொட்டது?”

நேற்று சாயங்காலம் அவள் ஜூஸ் வைக்க வந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. உடனே கையை நீட்டித் திருகைப் பழையபடி பொட்டுக்குத் திருப்பி வைத்தார். அது இனி எதற்கு? நாற்பது வருஷத்துப் பழக்கம், கை தானாகச் செய்தது போலிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை வருஷமாக இந்தக் கூத்து, எல்லாப் படமும் இப்படித்தானா என்று கத்தாத குறையாகக் கேட்டேன். எல்லாம் இப்படித்தான் என்றார். டப்பாக்களைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். ஒரு பூக்கடையில் குளிர்ப்பெட்டி ரிப்பேருக்குப் போனபோது ரோஜாக் கட்டுக்குள் ஒரு பட்டாம்பூச்சி மடிந்து கிடந்ததாம். செத்துவிட்டது என்று எடுத்து வெளியில் வைத்தாராம். வெயில் பட்டதும் சிலிர்த்துக்கொண்டு பறந்துபோயிற்றாம். எந்த அளவு குளிரில் உறங்கும், எந்த அளவில் சாகும் என்று அவர் அளந்து அந்தப் பொட்டை வைத்தார். அதில் வைத்தால் ஒரு உயிர்கூடப் போகாது. சாயங்காலம் பிடித்து வைத்து, மறுநாள் பூவில் உட்கார்த்தி, படம் எடுத்த பிறகு பறந்து போகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாராம். நேற்று முடி வெட்டப் போவதற்கு முன்னாலேயே பிடித்து வைத்துவிட்டதால், அப்புறம் ஃபிரிட்ஜைத் திறக்கவே இல்லையாம்.

“இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு செத்ததில்ல மாப்ளே” என்றார்.

அப்படி என்ன படம் வேண்டிக் கிடக்கிறது, உட்காருகிற நேரத்தில் எடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையையும் எனக்கு முன்னால் நீட்டினார். நடுங்கின. சும்மா இல்லை, சட்டைக் கைமடிப்பு வரை ஆடியது. நாலு வருஷம் ஆயிற்றாம். பைப்புக்கு வெல்டிங் வைக்க முடியாமல்தான் வேலையைக் குறைத்தாராம். புது மெஷின் நமக்குப் புரியலை என்று எங்களிடம் சொன்னதெல்லாம் சும்மா. கேமராவைக் கையில் பிடித்தால் பேய்ப்படம்தான் வரும். ஸ்டாண்டில் மாட்டி, டைமரை அழுத்திவிட்டு விலகி நின்றால் வரும். ஆனால் அதுவரை எதிரில் இருப்பது அசையக் கூடாது. அந்த முதல் மஞ்சள் படத்தைப் பார்த்துவிட்டுப் என் மனைவி போனிலேயே அழுததும், உண்மையைச் சொல்லலாம் என்று மறுநாள் இவர் போனபோது அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி முடித்திருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கையை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டேன். தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டி எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவாள் என்றார். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

கேட்டில் பிள்ளைகள் சத்தம் கேட்டது. வேண்டாம் மாமா, உடம்பு சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். அவர் டப்பா ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு கால் அசைந்த மாதிரி இருந்தது என்றார். எனக்கு அசைந்ததாகத் தெரியவில்லை. வெயில் பட்டால் ஒன்றிரண்டாவது எழுந்திரிக்கும் என்று அவர் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்?

“ஒண்ணு மட்டும் மாப்ளே. அந்தத் திருகு விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம். அவ கையால செத்துதுன்னு அவளுக்குத் தெரியவே கூடாது.”

நான் முன்னால் போய்ப் பிள்ளைகளுக்கு மாமாவின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. என் மனைவி அன்றைக்குப் புதுப் புடவை கட்டியிருந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா பின்பக்கத்திலிருந்து கையைக் காட்டினார். பிள்ளைகள் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பூனை நடை நடந்து போனார்கள்.

செடிகளில் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. எலுமிச்சை இலையில் மஞ்சள், செம்பருத்தியில் கறுப்பு, சுவரோரச் செடியில் நீலம். பார்க்க அவ்வளவு அழகு. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றார். என் மனைவி குனிந்து, பாருங்கள், இத்தனை பேர் வந்தும் பயப்படவே இல்லை பாருங்கள், தாத்தா இருக்கிறார் என்ற தைரியம் என்று காதோடு காதாகச் சொன்னாள். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

வெயில் ஏறியது. ஒரு இறக்கைகூடத் திறக்கவில்லை. அப்போது லேசாகக் காற்று அடித்தது.

மஞ்சள் முதலில் சரிந்தது. இலையிலிருந்து வழுக்கி, பல்லி வால் மாதிரி ஒரு துடிப்புகூட இல்லாமல், பழுத்த இலை விழுகிற மாதிரி மண்ணில் விழுந்தது. அப்புறம் செம்பருத்தியிலிருந்து கறுப்பு. அப்புறம் நீலம். பிள்ளைகள் அதுவும் ஒரு வித்தை என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தை குனிந்து மஞ்சளை உள்ளங்கையில் எடுத்து, ஊதிப் பார்த்து, அண்ணாந்து, “மிஸ், இது செத்துப்போச்சு” என்றது.

என் மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். மற்றச் செடிகளைப் பார்த்தாள். அப்புறம் அவள் அப்பாவைப் பார்த்தாள். பேயறைந்த மாதிரி என்று சொல்வோமே, அதை நான் அன்றைக்குத்தான் ஒரு முகத்தில் பார்த்தேன். அப்போதுகூட மாமா நினைத்திருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். மருந்து அடித்திருக்கிறார்கள், நோய் வந்திருக்கிறது என்று நானாக இருந்தால் நாலு சொல்லியிருப்பேன். அவர் ரெண்டடி முன்னால் வந்தார்.

“இதுங்க தானா வந்து உக்காரலை கண்ணுங்களா. நான் பிடிச்சு ஃபிரிட்ஜுல வச்சிருந்தேன். குளிர்ல அசையாது, அப்பதான் எனக்குப் படம் எடுக்க வரும். நேத்து நான் குளிரை அதிகமா வச்சுட்டேன். அதான் செத்துப்போச்சு. தப்பு என்னுது.”

ஒரு பையன், சுவரில் இருக்கிற போட்டோவும் ஃபிரிட்ஜில் வைத்ததா என்று கேட்டான். ஆமாம் என்றார். உறையும்போது அதற்கு வலித்திருக்குமா என்று இன்னொரு குழந்தை கேட்டது. தெரியாது என்றார். இரட்டைச் சடைக்காரி அழ ஆரம்பித்தாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். கூட வந்திருந்த டீச்சர் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனார். அந்த அம்மாள் மாமாவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். போகிற வழியில் ஒரு பொடியன் மட்டும் ஜூஸ் கிடையாதா என்று கேட்டுக்கொண்டே போனான்.

என் மனைவி போகவில்லை. “எங்க வச்சே, காட்டு” என்றாள். அப்பாவை அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. மாமா முன்னால் நடந்தார். ஷெட் தகரம் அனலாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவளே ஃபிரிட்ஜைத் திறந்து, ட்ரேயை இழுத்து, ஈர டிஷ்யூ ஒட்டின காலி டப்பாக்களைப் பார்த்தாள். எல்லாப் படமுமா என்று கேட்டாள். எல்லாம் என்றார். இத்தனை நாளும் நான் பிள்ளைகளிடம் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தேனா என்று கேட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அவர் கை விஷயம் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார், விழுங்கிக்கொண்டேன்.

அவள் ட்ரேயை உள்ளே தள்ளப் போனவள், மேல்தட்டில் உறைந்து கிடந்த தன் ஜூஸ் பாட்டில்களைப் பார்த்தாள். அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கண் மேலே திருகுக்குப் போயிற்று. அது சிவப்புப் பொட்டில் சமர்த்தாக நின்றது.

“இதை யாரு திருப்பி வச்சது? நேத்து நான் கடைசி வரைக்கும் திருகிட்டுத்தானே போனேன்” என்றாள்.

“நீ போன பிறகு நான் வந்து பார்த்தேன் கண்ணு. நான்தான் கூட்டினேன்.”

“அதுக்கு மேல கூட்ட அதுல இடம் ஏதுப்பா?”

பொய் சொல்லிப் பழகினவனாக இருந்தால் இந்த இடத்தில் இன்னொன்று எடுத்து விட்டிருப்பான். மாமாவுக்கு ஒன்றுக்கு மேல் வரவில்லை. என் மனைவி திருகைத் தொட்டாள், சுட்டுவிட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டாள். “அப்போ நான்தானா?” என்று தனக்குள் கேட்ட மாதிரி கேட்டாள். கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றாள்.

அவள் பார்வையிலிருந்து அந்த ட்ரேயை மறைத்துவிட வேண்டும் என்று மாமா அவசரமாகக் குனிந்து தள்ளினார். உள்ளே போகவில்லை. டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. விடவே இல்லை அந்தச் சத்தம். அவள் டப்பாக்களைப் பார்த்தாள், ட்ரேயைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள்.

“கை ஏன்பா இப்படி ஆடுது?”

தலைக்கு மேல் தகரம் கொதித்தது. மூன்று பேருக்கும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. மாமா கையைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தார்.

“குளிருது கண்ணு. ஃபிரிட்ஜ் திறந்திருக்குல்ல.”

அவள் ஃபிரிட்ஜ் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள். அவர் ரெண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். “சரிப்பா, இப்போ நின்னுடும்” என்றாள்.

நிற்கவில்லை. இப்போது அவள் கையும் சேர்ந்து நடுங்கியது.